பென்சில் மதிப்பெண்

முதலாவது அநியாயம், இந்த மருத்துவக் கல்லூரியைக் கட்டும்போது தோல் பதனிடும் ஷாப்புத் தொழிலாளிகள் மூன்று ஞாயிற்றுக்கிழமை கூலியில்லாமல் கல் சுமந்தார்கள், திறப்பு விழா அன்று அவர்களை கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். இரண்டாவது, முதல் வருஷம் எடுத்த அறுபது பிள்ளைகளில் தமிழில் படித்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. மூன்றாவது, ஏன் என்று கேட்டால் நேர்காணல் என்றார்கள். பன்னிரண்டு வருஷம் படித்து எழுதிய பரீட்சையை ஒன்பது நிமிஷப் பேச்சு கவிழ்த்துவிடும்படி அதற்கு ஐம்பது மதிப்பெண் வைத்தார்கள். நான்காவது, அந்த ஒன்பது நிமிஷத்தில் முதல் கேள்வியாக, உன் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். ஐந்தாவது, சுண்ணாம்புக் குழியில் வேலை செய்த அந்தோணியின் மகன் ஞானப்பிரகாசம், மாவட்டத்திலேயே இரண்டாவதாக வந்தவன், அவனுக்கு நேர்காணலில் ஐம்பதுக்கு நான்கு போட்டார்கள். இன்றைக்கு அவன் தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டை மூட்டை தூக்குகிறான், தெருவில் என்னைப் பார்த்தால் நின்று வணக்கம் சொல்கிறான், அந்த வணக்கத்தை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. ஆறாவது, நேர்காணலை ஒழி என்று மார்ச் மாதம் கேட்டுக்கு எதிரே ஒன்பது நாள் பட்டினி கிடந்தேன், அவர்கள் நேர்காணலை ஒழிக்கவில்லை, ஜூன் மாதத்தில் என்னைக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்தார்கள். நேர்காணல் கமிட்டியில் பொது உறுப்பினர் என்று பெயர். இந்த வரிசை மாறக் கூடாது. துண்டறிக்கையில் வரிசை மாறினால் கோபம் சிதறிவிடும். பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை, மிச்சப் படிப்பெல்லாம் சந்தையிலும் பஸ் நிலையத்திலும் கையில் திணிக்கப்பட்ட நோட்டீசுகள் கொடுத்தது, அவற்றில் கற்ற முதல் பாடமே இதுதான்: எண் போட்டு எழுது, ஒன்றை விட்டால் எதிரி அந்த ஓட்டை வழியாகத் தப்பித்துவிடுவான். ஆறு எழுதியாகிவிட்டது. ஏழு என்று ஒன்று இருக்கிற மாதிரி காலையிலிருந்து தோன்றிக்கொண்டே இருக்கிறது. இருக்கட்டும், பிறகு பார்க்கலாம்.

மணி பதினொன்றரை. இதுவரை பதினாறு பிள்ளைகள் வந்து போய்விட்டார்கள். எனக்கு எதிரே அந்த ஒற்றை நாற்காலி, அதன் ஒரு கால் மற்ற மூன்றைவிடக் கொஞ்சம் குட்டை, உட்காருகிற ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முறை ஆடி, பயந்து, அப்புறம் அசையாமல் உட்காருகிறது. அதை மாற்றச் சொன்னேன், 'அது ஒரு டெஸ்ட்டுன்னே வச்சுக்குங்களேன் தோழர்' என்று செயலாளர் ஆளவந்தார் சிரித்தார், சிரித்தபோது ஈறு மேலே நின்றுகொள்ள பொய்ப்பல் வரிசை மட்டும் கீழே இறங்கியது, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தலைவர் டாக்டர் கோதண்டபாணி, ஓய்வு பெற்ற பெரிய அறுவை மருத்துவர், பிஸ்கட்டை டீயில் முக்குகிறார், அது பாதியில் அறுந்து டீக்குள் விழுகிறது, விரலை விட்டுத் துழாவி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அதே விரலால் அடுத்த விண்ணப்பத்தைப் புரட்டுகிறார், ஒரு பிள்ளையின் பிறந்த தேதி மேல் பழுப்பாக ஒரு சொட்டு. இந்த விரல் எத்தனை வயிற்றைத் திறந்திருக்கும். நடுவில் டாக்டர் லில்லி ஞானமுத்து, பிரசவ டாக்டர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுகிறார், கழற்றித் துடைத்து மாட்டுகிறார், எதையும் பார்க்க விரும்பாதவர்கள் கண்ணாடியை இவ்வளவு சுத்தமாக வைத்திருப்பார்கள் என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது. என் கையில் பென்சில். காலை ஒன்பது மணிக்கு ஆளவந்தார் ஆளுக்கு ஒன்று கொடுத்தார், புதிதாகச் சீவியது, பின்னால் ரப்பர் வைத்தது. நான் சட்டைப் பையிலிருந்து என் பேனாவை எடுத்தேன். 'பேனா எதுக்கு? காலைல பென்சில். மத்தியானச் சாப்பாட்டுல உக்காந்து ஒத்துப் பார்ப்போம். சாயங்காலம் பேனா. இதான் இங்க வழக்கம்' என்றார். ஒத்துப் பார்ப்போம். பதினெட்டு வருஷத்தில் இந்த நேர்காணலை எதிர்த்து நாற்பத்து மூன்று துண்டறிக்கை எழுதியிருக்கிறேன், ஒன்றில்கூடப் பென்சில் என்ற சொல் கிடையாது. வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தினவனுக்கு உள்ளே பென்சில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. தலைவரின் இடது கைப்பக்கம் பச்சைக் கோப்பு. அதில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, யாரும் மறைக்கவும் இல்லை. சிபாரிசுக் கடிதங்கள். தாள்களின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆறு வெள்ளை. ஒன்று இளஞ்சிவப்பு. இந்த ஊரில் இளஞ்சிவப்புத் தாளில் கடிதம் எழுதுகிறவர்கள் நாங்கள் மட்டும்தான், தோல் பதனிடும் தொழிலாளர் சங்கம், அச்சகத்தில் சிவப்புத் தாள் கிடைக்காததால் இளஞ்சிவப்பு. அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம். அது சிபாரிசு இல்லை, அறிமுகம். அறிமுகம் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

காலையில் வராந்தா வழியாக வரும்போது பிள்ளைகள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. உள்ளே போனதும் எலும்பைக் கையில் கொடுப்பார்களாம், வலக்கையா இடக்கையா என்று சொல்ல வேண்டுமாம். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பேப்பரைக் கசக்கிப் போட்டிருப்பார்களாம், அதை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டால் ஐந்து மார்க்காம். 'தண்ணி குடுத்தா குடிக்காத, கை நடுங்குதான்னு பாக்கறதுக்குத்தான் குடுக்கறாங்க' என்றது ஒரு கண்ணாடிப் பையன். 'குடிக்கலன்னா திமிரும்பாங்கடா' என்றது இன்னொன்று. 'அப்ப பாதி குடி.' எல்லாம் சிரித்தன, அந்தச் சிரிப்பில் ஈரமே இல்லை. எலும்பும் இல்லை, காகிதமும் இல்லை, தண்ணீர்கூட நாங்கள்தான் குடிக்கிறோம். உள்ளே இருப்பது பச்சைக் கோப்பும் ரப்பர் வைத்த பென்சிலும் என்று யார் அவர்களுக்குச் சொல்வது. நான் சொல்லலாம். சொல்லவில்லை. புதுச் சட்டை போட்டிருந்தேன், மனைவி இஸ்திரிப் பெட்டி போட்டுக் கொடுத்தது, கழுத்தில் கஞ்சி உரசியது, பிள்ளைகள் எழுந்து நின்றார்கள், எழுந்து நின்றது எனக்குப் பிடித்திருந்தது. தூணோரம் முனிரத்தினம் நின்றிருந்தான், தோல் ஊறவைக்கும் குரோம் தொட்டியில் வேலை, இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது. மகளிடம் தணிந்த குரலில் என்று நினைத்துக்கொண்டு உரக்கச் சொன்னான்: 'உள்ள நம்ம தோழர் கீறாரு. பயப்படாத.' பயப்படாத. ஒன்பது நாள் பட்டினியில் ஏழாம் நாள் இவன்தான் என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான், சுற்றின துணியோடு, சொரசொரவென்று.

பியூன் ஏகாம்பரம் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டி, 'மு. பூங்காவனம்' என்று கூப்பிட்டான். முனிரத்தினத்தின் மகள் உள்ளே வந்தாள். புதுச் செருப்பு, நம் ஊர் வேலை, தைத்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, நடக்கும்போது கிறீச்சிட்டது, அதோடு அந்த வாசனையும் வந்தது, பதனிட்ட தோலும் சுண்ணாம்பும் கலந்த வாசனை, எனக்கு அது வாசனை என்றே தெரியாது, ஐம்பது வருஷமாக அதற்குள் மூச்சு விடுகிறேன், ஆளவந்தாரின் கைக்குட்டை மூக்குக்குப் போனபோதுதான் தெரிந்தது. கைக்குட்டையில் சென்ட். இந்த அறைக்குள் நாறுகிறது அந்தச் சென்ட்தான், இனிப்பாக, அழுகின பலாப்பழம் மாதிரி. அவள் உட்கார்ந்தாள், நாற்காலி ஆடியது, அவள் பயப்படவில்லை, குனிந்து காலைப் பார்த்தாள், கையிலிருந்த ஹால் டிக்கெட் உறையை நான்காக மடித்துக் குட்டைக் காலுக்கு அடியில் செருகிவிட்டு நிமிர்ந்தாள். பதினாறு பிள்ளைகள் ஆடிக்கொண்டே உட்கார்ந்து போனார்கள். லில்லி ஞானமுத்து கண்ணாடி துடைப்பதை நிறுத்தினார். 'வாட் இஸ் யுவர் ஃபாதர்?' என்றார் தலைவர், விண்ணப்பத்திலேயே எழுதியிருக்கிறது, விரல் அந்த வரி மேல்தான் இருக்கிறது, ஆனாலும் வாயால் சொல்ல வைக்க வேண்டும். 'டேனரி வொர்க்கர் சார்.' 'விச் செக்‌ஷன்?' 'குரோம் சார்.' 'மதர்?' 'சேம் டேனரி சார். ஸ்வீப்பிங்.' ஆளவந்தார், 'ஸ்பீக் அப், ஸ்பீக் அப்' என்றார், அவள் குரலை உயர்த்தி, 'ஸ்வீப்பிங் சார்' என்றாள், அந்தச் சொல் கூரையில் முட்டித் திரும்பி வந்து மேஜை மேல் விழுந்தது, அவர் திருப்தியாக ஒரு பிஸ்கட் எடுத்தார். இதே அறையில் ஞானப்பிரகாசமும் இப்படித்தான் கத்தியிருப்பான். அவன் திரும்பி வந்து என்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை, என்ன கேட்டார்கள் என்று கேட்டபோது, 'நல்லாத்தான் கேட்டாங்கண்ணே' என்றான், அவ்வளவுதான். நான் அதை வைத்து ஒரு துண்டறிக்கை எழுதினேன். நல்ல துண்டறிக்கை. இரண்டாயிரம் பிரதி போயிற்று. அவன் மூட்டை தூக்கப் போனான்.

'வொய் டு யூ வான்ட் டு பிகம் எ டாக்டர்?' இதற்கு ஏழைகளுக்குச் சேவை என்று சொல்ல வேண்டும். பதினாறு பேரும் சொன்னார்கள், நெல் மில் முதலாளி மகனும் சொன்னான், சினிமாக் கொட்டகைக்காரர் மகளும் சொன்னாள், ஏழை ஏழை என்று காலையிலிருந்து இந்த அறையில் எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் மூன்று பென்சில்கள் தலையாட்டி ஏதோ எழுதின, கேட்டுக் கேட்டு அந்தச் சொல்லே மென்று துப்பின சக்கை மாதிரி ஆகிவிட்டது, நானே பதினெட்டு வருஷம் மென்ற சொல். அவள் அதைச் சொல்லவில்லை. 'தமிழ்ல சொல்லலாங்களா சார்?' தலைவர் பெருமூச்சு விட்டார். 'சொல்லு.' 'எங்கப்பா கையில குரோம் புண்ணு சார். குழி குழியா இருக்கும், எலும்பு வரைக்கும் போவும். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போனேன். டாக்டர் எட்ட இருந்தே பாத்தாரு. மூக்கைப் பொத்திக்கினு சீட்டு எழுதினாரு. மூக்கைப் பொத்தினா ஒரு கைதான சார் இருக்கும்? ஒரு கையால எப்படிப் புண்ணைப் பிரிச்சுப் பாக்கறது?' ஆளவந்தாரின் கைக்குட்டை மூக்கிலேயே இருந்தது, இறக்குவதா வேண்டாமா என்று கை அந்தரத்தில் தவித்தது. 'எனக்கு அந்த வாடை பழக்கம் சார். ரெண்டு கையும் இருக்கும்' என்று முடித்தாள். எனக்குள் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் எழுந்து நின்றது, வராந்தாவில் பிள்ளைகள் எழுந்து நின்றதைப் போல. லில்லி ஞானமுத்து மெதுவாக, 'இப்ப அந்தப் புண்ணு எப்படிம்மா இருக்கு?' என்றார். 'நான் தினமும் உப்புத் தண்ணில கழுவிக் கட்டுறேன் மேடம். வலது கை ஆறிடுச்சு. இடது கை ஆறல.' 'டாக்டர் பேரு என்ன?' என்று திடீரென்று கேட்டார் தலைவர், குரலில் பிஸ்கட் தூள். அவள் தலையை ஆட்டினாள். 'அவரு இல்லாத எடத்துல அவரு பேரைச் சொல்றது முறையில்ல சார்.' முறை. இந்த அறையில் காலையிலிருந்து உச்சரிக்கப்படாத சொல். நான் பென்சிலால் நாற்பத்தைந்து எழுதினேன். ஐம்பதே எழுதியிருக்கலாம், ஆனால் சந்தேகப்படுவார்கள் என்று ஐந்தைக் குறைத்தேன், பார், இங்கே உட்கார்ந்த இரண்டரை மணி நேரத்தில் எனக்கும் அந்தக் கணக்கு வந்துவிட்டது.

'மிஸ்டர் தணிகாசலம், உங்க கேள்வி' என்றார் தலைவர். பொது உறுப்பினருக்குக் கடைசியில் ஒரு கேள்வி, சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை மாதிரி. மற்ற பிள்ளைகளிடம் ஊரில் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன், பாதிப் பேருக்குத் தெரியவில்லை. இவளிடம் அதைக் கேட்க முடியாது, இவள் தெருத் தண்ணீரின் நிறம் எனக்கே தெரியும். என்ன கேட்கலாம் என்று யோசிப்பதற்குள், 'என்னைத் தெரியுமா உனக்கு?' என்று கேட்டுவிட்டேன். கேள்வியா இது. அப்படிக் கேட்கிற ஆட்களைப் பற்றி நானே ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறேன். அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். 'தெரியும் தோழர். உங்க நோட்டீசு எல்லாம் எங்க வீட்ல இருக்குது. அப்பா எழுத்துக் கூட்டி அதுலதான் படிக்கக் கத்துக்கினாரு. எனக்கும் அதுலதான் சொல்லிக் குடுத்தாரு.' ஆளவந்தார், 'ஓஹோ, நம்ம தோழர் பாடநூலே எழுதியிருக்காரே' என்றார். 'ஒண்ணு சொல்லு பாப்போம்.' விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்: 'தகுதியை அளக்கிறோம் என்கிறார்கள். கோப்புக்குள் சீட்டு இருக்கிறது. சீட்டை எழுதியவன் பெயரை ஊரறியப் படிக்கும் நாளில்தான் இந்த அநியாயம் ஒழியும்.' என் வாக்கியம். பதினோரு வருஷத்துக்கு முன்பு எழுதியது, எந்த மேஜையில் எழுதினேன் என்பதுகூட நினைவிருக்கிறது, மேஜை மேல் எறும்பு ஊர்ந்தது. மேஜை. பச்சைக் கோப்பு. இளஞ்சிவப்பு ஓரம். மூன்று பேரும் அந்த ஓரத்தைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்தார்கள், எவ்வளவு நாகரிகமானவர்கள். 'நல்லாப் படிம்மா, போ' என்றேன். அவள் எழுந்து, குனிந்து, காலுக்கு அடியில் செருகின உறையை எடுத்துக்கொண்டாள், நாற்காலி மறுபடி ஆட ஆரம்பித்தது.

அந்த இளஞ்சிவப்புக் கடிதத்துக்காகத் துரைக்கண்ணு வீட்டுக்கு வந்தபோது நான் முகம் மழித்துக்கொண்டிருந்தேன். ஜூன் முதல் வாரம். துரைக்கண்ணுவும் நானும் ஜெயிலில் ஒரே கம்பளியைப் போர்த்திப் படுத்தவர்கள், அதில் ஒரு பக்கம் ஓட்டை, என்னைச் சுவரோரம் படுக்க வைத்து அவன் ஓட்டைப் பக்கம் படுப்பான். இருபது வருஷத்தில் என்னிடம் எதுவும் கேட்காதவன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. 'பையனுக்கு மார்க்கு கொஞ்சம் கம்மி தணிகா. ஒரு வார்த்தை நீ எழுதிக் குடுத்தா பாப்பாங்க' என்றான். மகனுக்குக் காஸ்ட்ரோ என்று பெயர் வைத்தவன். பையன் நல்லவன்தான், கூட்டங்களில் கொடி கட்டுவான், படிப்பில் மட்டம். நான் முகத்தில் பாதி சோப்போடு உட்கார்ந்து எழுதினேன், மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கு, இக்கடிதம் கொண்டுவரும் து. காஸ்ட்ரோ எனக்கு நன்கு அறிமுகமானவர். அறிமுகம். தாங்கள் ஆவன செய்தால் நன்றியுடையவனாவேன். ஆவன. முதலாளிகள் மந்திரிக்கு எழுதுகிற அந்தச் சொல் என் கைக்கு எங்கிருந்து வந்தது. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டபோது சோப்பு நுரை ஒரு துளி தாளில் விழுந்தது, துடைத்தேன். ஒரே ஒருவனுக்குத்தானே என்று நினைத்தேன். ஒரே ஒருவனுக்குத்தானே என்று அந்த ஆறு வெள்ளைத் தாள் எழுதினவர்களும் நினைத்திருப்பார்கள்.

காஸ்ட்ரோவும் இன்னும் சிலரும் வந்துபோனார்கள், மணி பன்னிரண்டே முக்காலுக்குச் சாப்பாடு வந்தது. ஒத்துப் பார்க்கிற நேரம். இலையை ஓரமாகத் தள்ளிவிட்டு ஆளவந்தார் நாலு பேர் தாளையும் பக்கம் பக்கமாக வைத்தார், விரலில் சாம்பார். பூங்காவனம்: தலைவர் பதினெட்டு, ஆளவந்தார் பன்னிரண்டு, லில்லி ஞானமுத்து நாற்பது, நான் நாற்பத்தைந்து. 'இவ்வளவு வித்தியாசம் இருக்கக் கூடாதே' என்றார் தலைவர். 'இங்கிலீஷ் வரல. ஆஸ்பத்திரியைப் பத்திக் குறை வேற சொல்றா. மேடம், நீங்க இறங்குங்க. மிஸ்டர் தணிகாசலம், நீங்களும் ஒரு பதினைந்துக்கு இறங்கிடுங்க.' லில்லி ஞானமுத்து கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், பென்சிலைத் திருப்பி ரப்பரால் தேய்த்தார். அவ்வளவு சின்னச் சத்தம். துகளை ஊதினார், அது என் மோர்ச் சாதத்தில் விழுந்தது. 'நான் இறங்க மாட்டேன்' என்றேன், குரல் நன்றாகத்தான் வந்தது, மைதானத்துக் குரல். ஆளவந்தார் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்: 'தோழர், இந்த வரிசைல கடைசியா ஒரு இடம்தான் இருக்கு. அவ மேல இருந்தா அவளுக்கு. அவ இறங்கினா அடுத்தது உங்க பையன், காஸ்ட்ரோ. நாங்க உங்களுக்காகத்தான பண்றோம்.' எங்களுக்காக இல்லை, உங்களுக்காக. தலைவர் என் தோளில் கை வைத்தார், பிஸ்கட் விரல், என் புதுச் சட்டையில் நெய்க் கறை. 'உண்மையைச் சொன்னா, மார்ச்ல நீங்க பட்டினி கிடந்தப்ப உங்களை உள்ள விட எங்களுக்கு இஷ்டமே இல்ல. சண்டைக்காரர்னு நினைச்சோம். ஜூன்ல உங்க லெட்டர் வந்துது பாருங்க, படிச்சதும் எனக்கு நிம்மதியாப் போச்சு. நம்மளை மாதிரி மனுஷர்தான், கமிட்டில போடலாம்னு அன்னிக்கே நான்தான் சொன்னேன்.' நிம்மதி. ஆகவே ஆறாவதை நான் தப்பாக எழுதியிருக்கிறேன். என்னை உள்ளே கொண்டுவந்தது ஒன்பது நாள் பட்டினி இல்லை, முனிரத்தினம் சொரசொரத்த கையால் பிடித்துவிட்ட கால் இல்லை, ஊர்வலம் இல்லை, நாற்பத்து மூன்று துண்டறிக்கை இல்லை. சோப்பு நுரை விழுந்த ஒரு தாள். வாயில் இருந்ததை இலையில் துப்பினேன். மூவரும் பார்த்தார்கள். தப்பு என் வாயில்தான், சாதத்தில் இல்லை. துரைக்கண்ணு இதைக் கேட்டால் என்ன செய்வான். என் முகத்தில் விழிக்க மாட்டான். கம்பளியின் ஓட்டைப் பக்கம் படுத்தவன். மூட்டை தூக்குகிற ஞானப்பிரகாசம் வணக்கம் சொல்வதை நிறுத்திவிடுவான், அது நடந்தால் நல்லது. எண் போட்டு எழுது. ஒன்றை விட்டால் எதிரி அந்த ஓட்டை வழியாகத் தப்பித்துவிடுவான். ஏழாவது.

பேனாவை எடுத்தேன். பென்சில் நாற்பத்தைந்தின் மேலேயே மையால் நாற்பத்தைந்து எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். 'சாயங்காலம்தான் பேனா, சாயங்காலம்தான்' என்று ஆளவந்தார் பதறினார், மையை ரப்பரால் தேய்த்தார், அது அசையவில்லை, தாள்தான் கசங்கியது. தலைவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் பச்சைக் கோப்பை நான் எடுத்தது தெரியவில்லை, தெரிந்தபோது நான் கதவில் இருந்தேன். 'மிஸ்டர் தணிகாசலம், உங்க பேரும் அதுல இருக்கு, யோசிச்சுக்குங்க' என்று பின்னால் குரல். அதைத்தானே யோசிக்கிறேன், காலையிலிருந்து வேறெதை யோசித்தேன். ஏகாம்பரம் வழியை மறிக்கவில்லை, கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தான். வராந்தாவில் பெற்றவர்களும் பிள்ளைகளும் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், என்னைப் பார்த்து எழுந்தார்கள். 'உட்காருங்க, எனக்கு யாரும் எழுந்திருக்க வேண்டாம்' என்றேன். யாரும் உட்காரவில்லை. 'உள்ள எலும்பெல்லாம் கிடையாது. உங்க பிள்ளைக்கு என்ன மார்க்குன்னு பென்சில்ல எழுதுவாங்க, இந்தக் கோப்பைப் பாத்து அழிச்சு எழுதுவாங்க. இதுல ஏழு சிபாரிசு இருக்கு. யார் எழுதினதுன்னு மட்டும் படிக்கிறேன். நீங்க சாட்சி.' முதல் வெள்ளைத் தாள், ஒரு எம்.எல்.ஏ. பெயர். இரண்டாவது, நெல் மில் முதலாளி. மூன்றாவது, ஒரு மடத்து மேனேஜர். 'அடப்பாவி' என்று யாரோ சிரித்தார்கள். நான்காவது, ஐந்தாவது. ஆறாவது படித்தபோது கை தட்டினார்கள், கண்ணாடிப் பையன் தூக்குவாளி மூடியால் தூணில் தட்டினான், 'தோழர்னா தோழர்தாண்டா' என்று ஒரு குரல். மார்பு விரிந்தது, இந்தப் பாழாய்ப்போன மார்பு, கைதட்டலுக்கு இன்னும் விரிகிறது. இதோடு கோப்பை மூடினால் யாருக்கும் தெரியாது. இளஞ்சிவப்புத் தாளை இப்போதே மடித்துப் பைக்குள் வைத்தால் நான் இந்த ஊரின் பெரிய மனிதன், நாற்பத்து நான்காவது துண்டறிக்கை எழுதலாம். தூணோரம் முனிரத்தினம், துணி சுற்றின கையைச் சத்தம் வராமல் தட்டிக்கொண்டிருந்தான், பக்கத்தில் பூங்காவனம், மடித்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு, தட்டாமல், என்னையே பார்த்துக்கொண்டு. அவள் எண்ணியிருக்கிறாள். 'இன்னா தோழரே, ஏழுன்னு சொன்னீங்களே' என்றான் முனிரத்தினம். 'இன்னொண்ணு கீதா?' 'இருக்கு' என்றேன். தாளை விரித்தேன். ஓரத்தில் நுரை விழுந்த இடம் கொஞ்சம் சுருங்கியிருந்தது. கண்ணுக்கு நேராகப் பிடித்து, மைதானத்துக் குரலில், ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன்: 'இப்படிக்கு, கோ. தணிகாசலம்.'